குற்றப்பத்திரிகையில் கையெழுத்து வைப்பவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

சுயாதீனமான வழக்குத் தொடுநர் அலுவலகம் ஒன்றை அமைப்பது பற்றி அண்மையில் தாங்கள் எழுதிய ஆசிரியத் தலையங்கத்தை இரண்டு தடவைகள் வாசித்தேன். குற்றவியல் வழக்குகளைத் தொடரும் அதிகாரத்தை, அரசாங்கத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபரின் திணைக்களத்திலிருந்து பிரித்தெடுத்துத் தனியான ஓர் அலுவலகத்திடம் கொடுக்க வேண்டும் என்ற தங்கள் நிலைப்பாட்டோடு எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆயினும், கொழும்பில் அமைச்சும் திணைக்களமும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய ஒரு நிர்வாக ஒழுங்கு போலவே அந்தத் தலையங்கம் இதனைக் காட்டியிருந்தது. வடக்கு கிழக்கு நீதிமன்றங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிங்கள, தமிழ் மொழிபெயர்ப்பாளராக, குற்றஞ்சாட்டப்பட்டவர் நிற்கும் எதிரிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றவன் நான். அந்த இடத்திலிருந்து பார்த்தால் இந்த விடயம் எப்படித் தெரிகிறது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற பின் வண்ணார்பண்ணையில் என் வீட்டு விறாந்தையில் ஒரு மேசையைப் போட்டு, பிறப்பு இறப்புச் சான்றிதழ்களையும் காணி உறுதிகளையும் மொழிபெயர்த்துக் கொடுத்து வருகிறேன். சென்ற மழைக்காலத்தில் வலிகாமத்திலிருந்து ஒரு தாய் வந்தார். மகனின் வழக்குத் தீர்ப்பின் பிரதியை ஒரு வெளிநாட்டுத் தூதரகத்துக்குக் கொடுப்பதற்காக மொழிபெயர்க்க வேண்டும் என்றார். தீர்ப்போடு சேர்த்து, மழை படாமல் பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு பழைய எண்பது பக்கக் கொப்பியையும் மேசையில் வைத்தார். இதுவும் தேவைப்படுமோ என்று அவருக்குத் தெரியவில்லை. தேவைப்படாது என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கத்தான் திறந்தேன். ஆனால் மூட முடியவில்லை.

அந்தக் கொப்பியில் மகனின் ஒவ்வொரு வழக்குத் தவணையையும் அவர் எழுதி வைத்திருந்தார். இடப்பக்கம் திகதி, நடுவில் நீதிமன்றம் இருந்த ஊர், வலப்பக்கம் அன்று நடந்தது. ஒரே சம்பவத்துக்கு இரண்டு நீதிமன்றங்களில் இரண்டு வழக்குகள் போடப்பட்டிருந்தபடியால் ஊரின் பெயர் மாறி மாறி வந்தது. மை நிறம் மாறியிருந்தது. இடையில் சில பக்கங்கள் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. வலப்பக்கத்தில் இருந்தவை இவைதான்: “அரச சட்டவாதி வரேல்லை.” “பைல் கொழும்பில நிக்குது.” “சாட்சி வரேல்லை.” “நீதிபதி மாறிப் போனார்.” “பைல் வரேல்லை.” ஓரிடத்தில் “மொழிபெயர்ப்பாளர் இல்லை” என்று இருந்தது. திகதியைப் பார்த்தேன். அந்த வாரம் நான் விடுமுறையில் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த தவணை நான்கு மாதங்கள் கழித்து எழுதப்பட்டிருந்தது. என் கையொப்பத்தோடு போன ஒரு விடுமுறைக் கடிதம், மறியலில், அதாவது வழக்கு முடியும்வரை சிறையில், இருந்த ஓர் இளைஞனின் வாழ்நாளில் நான்கு மாதங்களை எடுத்திருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

அந்த இளைஞன் யுத்தம் முடிந்த ஆண்டில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானவர். குற்றப்பத்திரிகை வருவதற்கே நான்கு ஆண்டுகள் சென்றன. வந்தபோது, நிரூபிக்கப்பட்டால் வாழ்நாள் முழுவதையும் சிறையில் கழிக்க வேண்டிய பாரதூரமான குற்றச்சாட்டுகள் அதில் இருந்தன. எட்டாவது ஆண்டில், வழக்கில் ஒரு சாட்சிகூட விசாரிக்கப்படாத நிலையில், அரச தரப்பிலிருந்து ஒரு யோசனை வந்தது: அந்தப் பெரிய குற்றச்சாட்டுகள் எல்லாம் விலக்கப்படும், தகவல் தெரிந்தும் பொலிஸாருக்கு அறிவிக்கவில்லை என்ற ஒரேயொரு குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒரு வருடப் புனர்வாழ்வோடு வீட்டுக்குப் போகலாம். ஒப்புக்கொண்டார். யார்தான் ஒப்புக்கொள்ளமாட்டார்? இன்றைக்கு அந்த ஒப்புதலே அவருடைய பெயரில் குற்றப்பதிவாக நிற்கிறது. தூதரகம் கேட்டிருப்பதும் அதைத்தான்.

தாய் போவதற்கு முன் என்னிடம் ஒன்று கேட்டார். “இந்தக் குற்றப்பத்திரிகையில கையெழுத்து வைச்சவர் ஆர் தம்பி? அவர் என்ர பிள்ளையை எப்பவாவது பாத்தவரோ?” கையெழுத்து வைத்தவரின் பதவியை வாசித்துச் சொன்னேன். இரண்டாவது கேள்விக்கு, இல்லை அக்கா, பார்த்திருக்கமாட்டார் என்றேன்.

ஐயா, வாழ்நாள் சிறைக்குரிய குற்றமென்று ஒரு திணைக்களம் ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டு நின்றுவிட்டு, எட்டாவது ஆண்டின் முடிவில் தகவல் கொடுக்காத குற்றத்தோடு திருப்தியடைய முடியுமென்றால், முதலில் எழுதிய குற்றச்சாட்டுகளுக்கு அதன் கையில் என்ன ஆதாரம் இருந்தது? ஆதாரம் இருந்திருந்தால் அவற்றை விலக்கியது தவறு. இல்லாதிருந்தால் அவற்றை எழுதியதே பெருந்தவறு. இரண்டில் எது நடந்தது என்பதை எவரிடமும் எழுத்தில் விளக்க வேண்டிய தேவை அந்தத் திணைக்களத்துக்கு இல்லை. எனது சேவைக் காலத்தில் இதே விதமாக முடிந்த வழக்குகள் பலவற்றில் நான் மொழிபெயர்ப்பாளராக நின்றிருக்கிறேன். “குற்றவாளி” என்ற சொல்லை எதிரியின் வாயால் சொல்வித்து, அதை மற்ற மொழியில் உரக்கச் சொல்வது என் வேலையாக இருந்தது.

இதற்கு வழி செய்து கொடுத்தது 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம். ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற சொற்கள் இன்றும் அதன் தலைப்பில் இருக்கின்றன. மூன்று ஆண்டுகளுக்கென்று கொண்டுவரப்பட்டு, 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அமைச்சரின் கையெழுத்தோடு மூன்று மூன்று மாதங்களாகப் பதினெட்டு மாதங்கள்வரை தடுத்து வைக்கலாம் என்றிருந்தது, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் பன்னிரண்டு மாதங்களாகக் குறைந்திருக்கிறது. ஆனால் நீண்டகாலமாக எங்கள் பிள்ளைகளைச் சிறையில் வைத்திருந்தது அமைச்சரின் அந்தக் கடிதத்தைவிட, விளக்கமறியல் பற்றிய ஏற்பாடுதான். சட்டமா அதிபர் இணங்கினாலொழிய நீதிவான் பிணை கொடுக்க முடியாது. வழக்கு முடியும்வரை மறியலில் வைக்க வேண்டும். வழக்கு எப்போது தொடங்கும் என்பது யார் கையில்? அதே சட்டமா அதிபரின் கையில். கதவின் திறப்பையும் மணிக்கூட்டையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டு, அவரே வழக்கின் ஒரு தரப்பாகவும் இருப்பதற்கு விட்டிருந்தோம். பன்னிரண்டு மாதங்களில் விசாரணை தொடங்காவிட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் பிணை கேட்கலாம் என்று 2022இல் ஒரு வழி திறக்கப்பட்டது உண்மை. அதுவும் கொழும்பு வரை போய்ச் சட்டத்தரணியை அமர்த்தக்கூடியவருக்கு.

குற்ற ஒப்புதல் வாக்குமூலம் பற்றி நான் கட்டாயம் எழுத வேண்டும், ஏனெனில் அது என் தொழிலைத் தொட்ட விடயம். சாதாரண சட்டத்தின்படி ஒருவர் பொலிஸாரிடம் கொடுக்கும் ஒப்புதலை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. வெள்ளைக்காரன் காலத்துச் சாட்சியக் கட்டளைச் சட்டமே பொலிஸாரை அந்த அளவுக்குத்தான் நம்பியது. பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலும் அதற்கு மேலும் உள்ள ஓர் அதிகாரியிடம் கொடுக்கப்பட்டதென்றால் அதை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறது. அச்சுறுத்தியும் அடித்தும் வாங்கியது என்றால், அதைக் காட்ட வேண்டிய பாரம் எதிரியின் தலையில். ஒப்புதல் தானாகக் கொடுக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்க்கும், ‘உண்மை விளம்பல் விசாரணை’ என்று நாங்கள் சொல்கின்ற அந்தக் கட்டத்தில், மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் மூடிய அறையில் நடந்ததை ஒரு கைதி எதைக்கொண்டு நிரூபிப்பார்? காயம் ஆறியிருக்கும். பார்த்த சாட்சிகள் அடித்தவர்களாகவே இருப்பார்கள்.

அப்படிப்பட்ட வாக்குமூலங்கள் சிங்களத்தில் எழுதப்பட்டு, கீழே “வாசித்துக் காட்டப்பட்டு விளங்கப்படுத்தப்பட்டது” என்ற ஒரு வரியோடும் கைநாட்டோடும் வருவதை எத்தனையோ தடவைகள் கண்டிருக்கிறேன். யார் வாசித்துக் காட்டினார், எந்தத் தமிழில் விளங்கப்படுத்தினார் என்று எவரும் கேட்பது குறைவு. மட்டக்களப்பைச் சேர்ந்த சிங்கராசாவின் வழக்கு சட்டம் படிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. 1993இல் கைதான அவருக்கு, அவரால் வாசிக்க முடியாத மொழியில் இருந்த ஒப்புதலை வைத்தே 1995இல் ஐம்பது ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்து ஆண்டுகளாகக் குறைந்தது. அவருக்கு மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர். இந்த விசாரணை நியாயமானதல்ல என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு 2004இல் கூறியது. 2006இல் நமது உயர் நீதிமன்றம் அந்தக் கருத்தை ஏற்க மறுத்தது. அந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம், மொழிபெயர்ப்பாளரின் ஆசனத்தில் வழக்குத் தரப்பே ஏறி உட்கார்ந்துகொண்டால் நீதிமன்றத்தில் வேறு எதை மிச்சம் என்று சொல்வது என்று என் மனம் கொதிக்கும்.

மொழி பற்றிப் பேசும்போது இன்னொரு வழக்கையும் தமிழ் வாசகர்கள் மறந்துவிடக் கூடாது. அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர் 2020 மே மாதம் கைது செய்யப்பட்டார். அவருக்கு எதிராகக் காட்டப்பட்ட சான்று அவரே எழுதிய தமிழ்க் கவிதைத் தொகுதி. வன்முறையை எதிர்த்துப் பாடிய கவிதைகள் தீவிரவாதத்தைத் தூண்டுவதாகச் சொல்லப்பட்டன. தமிழ் வாசிக்கத் தெரிந்த எவரும் ஒரு மாலைப்பொழுதில் அந்த நூலை வாசித்து முடித்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். பத்தொன்பது மாதங்கள் தடுப்பிலும் மறியலிலும் கழிந்த பின் 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. விடுதலை நமக்குச் செய்தியாக வந்தது. அந்தக் குற்றப்பத்திரிகையைத் தயாரித்த மேசையில் அந்தக் கவிதைகளைத் தமிழிலேயே வாசித்த ஒருவர் இருந்தாரா என்று யாரும் கேட்கவில்லை. இதற்கு முன்னர், 2006இல் எழுதிய கட்டுரைகளுக்காக ஊடகவியலாளர் திஸ்ஸநாயகத்துக்கு 2009 ஆகஸ்டில் இருபது ஆண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டதையும், வெளிநாட்டு அழுத்தம் கூடியதும் 2010 மே மாதம் அவருக்கு மன்னிப்பு அறிவிக்கப்பட்டதையும் கண்டோம். இருபது ஆண்டுக்குரிய குற்றவாளி ஒன்பது மாதங்களில் மன்னிக்கத்தக்கவர் ஆனார். வழக்கில் அரசியல் புகுந்தால் தண்டனைக்கும் அளவில்லை, மன்னிப்புக்கும் அளவில்லை.

சிங்கள மக்களும் இதிலிருந்து தப்பவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிறுகதை ஒன்றை எழுதியதற்காக சக்திக சத்குமார 2019இல் நான்கு மாதங்களுக்கு மேல் மறியலில் இருந்தார். அவருக்கு எதிராகப் பயன்பட்டது, மக்களின் குடியியல் அரசியல் உரிமைகளைப் பாதுகாக்கவென்று 2007இல் கொண்டுவரப்பட்ட சர்வதேச சமவாயச் சட்டம். அதே சட்டத்தின் பெயரால்தான் 2024 மே மாதம் சம்பூரில், இறுதி யுத்தத்தில் இறந்தவர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பெண்களும் கைதாகினார்கள். யாழ்ப்பாணத்தில் குப்பை போடுவோரைப் பிடிக்க மாநகர சபை நியமித்த ஐந்து ஊழியர்களின் நீலநிறச் சீருடை புலிகளின் காவல்துறைச் சீருடையை ஒத்தது என்று சொல்லி, 2021 ஏப்ரலில் மாநகர முதல்வரையே பயங்கரவாதத் தடுப்புப் பிரிவினர் நள்ளிரவு கடந்து கைது செய்ததை நம்மூரார் மறந்திருக்கமாட்டார்கள். அவருக்கு அன்றே பிணை கிடைத்தது. பெயர் தெரிந்தவருக்கும் பெயர் தெரியாதவருக்கும் உள்ள வேறுபாடு அது.

இவ்வளவு கடுமையான கை, வேறு சில கோப்புகளின் மேல் எப்படி நடந்துகொண்டது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பதின்மூன்று ஆண்டுகள் கழிந்து 2019 ஜூலையில் சந்தேகநபர்களான பதின்மூன்று விசேட அதிரடிப்படையினரும் போதிய சான்றில்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். 2008, 2009 காலப்பகுதியில் கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் கடத்தப்பட்டுக் காணாமல் போன பதினொரு இளைஞர்களின் வழக்கில், முன்னாள் கடற்படைத் தளபதி மீதான குற்றச்சாட்டுகளைத் தொடரப் போவதில்லை என்று சட்டமா அதிபர் 2021இல் நீதிமன்றத்துக்கு அறிவித்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அந்த முன்னாள் தளபதி ஒரு மாகாணத்தின் ஆளுநரானார். பிள்ளைகளைத் தேடி நீதிமன்றப் படியேறிய பெற்றோருக்குக் காரணம் சொல்லப்பட்டதா?

மிருசுவில் நமக்குத் தூரத்து ஊரல்ல. 2000 டிசம்பரில், இடம்பெயர்ந்த தங்கள் வீடுகளைப் பார்த்து வரப் போன எட்டுப் பேர், ஐந்து வயதுக் குழந்தை உட்பட, கழுத்து அறுக்கப்பட்டுப் புதைக்கப்பட்டார்கள். தப்பி வந்த ஒருவரின் சாட்சியத்தோடு அந்த வழக்கு நடந்து, 2015 ஜூனில் ஓர் இராணுவ உத்தியோகத்தருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. வழக்குத் தொடுநர்கள் அந்த வழக்கில் தங்கள் கடமையைச் சரியாகச் செய்தார்கள். 2020 மார்ச்சில், நாடே ஊரடங்கில் முடங்கியிருந்த நேரத்தில், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவருக்குப் பொதுமன்னிப்பு அளித்தார். பதினைந்து ஆண்டுகள் நடந்த வழக்கை ஒரு கையெழுத்து முடித்துவைத்தது.

ஆகவே திணைக்களத்தில் நல்லவர்கள் இல்லை என்று நான் எழுதவில்லை. இராணுவத்தினரால் கொல்லப்பட்ட மாணவி கிரிஷாந்தி குமாரசுவாமியின் வழக்கை 1998இல் கொழும்பில் நடத்தி இராணுவத்தினருக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தவர்களும், புங்குடுதீவு மாணவியின் கொலை வழக்கை 2017இல் யாழ்ப்பாணத்திலேயே மூன்று நீதிபதிகள் முன்னிலையில் நடத்தித் தீர்ப்பு வரச் செய்தவர்களும் அந்தத் திணைக்களத்தவர்களே. இரவிரவாக விழித்திருந்து சாட்சிகளின் வாக்குமூலங்களை என்னிடம் திரும்பத் திரும்ப மொழிபெயர்க்கச் சொல்லி, ஒரு சொல் பிசகினாலும் விடாத அரச சட்டவாதிகளோடு நான் வேலை செய்திருக்கிறேன். 2020இல் அரசியல் பழிவாங்கல்களை விசாரிக்கவென்று அமைத்த ஜனாதிபதி ஆணைக்குழு, அந்தக் கடற்படை வழக்கை நிறுத்தும்படி பணித்தபோது, உங்களுக்கு அந்த அதிகாரமில்லை என்று எழுதி மறுத்தவர் அன்றைய சட்டமா அதிபர் தப்புல டி லிவேரா. அடுத்தவர் வந்ததும் நிலைமை மாறியது. பதினொரு குடும்பங்களின் நீதி, கதிரையில் இருப்பவரின் முதுகெலும்பை நம்பி நிற்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியாது.

எங்கே பழுது என்றால், ஒருவருக்கே இரண்டு எசமானர்களை வைத்ததில். சட்டமா அதிபர் அரசாங்கத்தின் சட்ட ஆலோசகர். அமைச்சருக்கு எதிராக அடிப்படை உரிமை மனு வந்தால் அமைச்சருக்காக வாதாடுவதும், இராணுவம் பிடித்துச் சென்ற பிள்ளையை ஆஜர்படுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவில் இராணுவத்தின் பக்கம் நிற்பதும் அவருடைய திணைக்களமே. நாவற்குழியில் 1996இல் காணாமல் போன இளைஞர்களுக்காக 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் போடப்பட்ட மனுக்களிலும் பெற்றோர் ஒரு பக்கமும் அந்தத் திணைக்களம் மறு பக்கமும்தான். காலையில் இராணுவத்தின் சட்டத்தரணியாக நின்ற அலுவலகம், மாலையில் அதே இராணுவத்தினர் மேல் குற்றப்பத்திரிகை எழுதும் என்று எதிர்பார்ப்பது மனித இயல்புக்குப் பொருந்தாது. யாரும் தொலைபேசியில் அழைத்துக் கட்டளையிடத் தேவையில்லை. எந்தக் கோப்பை மேலே வைத்தால் மேலிடம் மகிழும், எதைக் கீழே வைத்தால் எவருக்கும் மனத்தாங்கல் வராது என்பது அங்குள்ளவர்களுக்குத் தானாகவே தெரிந்துவிடுகிறது. அந்தப் பதவியிலிருந்து பிரதம நீதியரசர் கதிரைக்கு நேரே போனவர்கள் நம் கண்முன் இருக்கிறார்கள்: 1999இல் சரத் என். சில்வா, 2019இல் ஜயந்த ஜயசூரிய. தனிப்பட அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தன்னை நியமிப்பவரே தனக்கு அடுத்த கதிரையையும் கொடுக்கக்கூடியவர் என்றிருக்கும்போது, அவர் விரும்பாத குற்றப்பத்திரிகையில் கையெழுத்து வைப்பதற்கு எவ்வளவு திடம் வேண்டும் என்பதை யோசிக்கச் சொல்கிறேன்.

நியமன முறையோ அரசு மாற மாறத் தானும் மாறியது. 2001இல் அரசியலமைப்பின் பதினேழாம் திருத்தம், உயர் பதவி நியமனங்களுக்கு ஒப்புதல் கொடுக்கும் அரசியலமைப்புப் பேரவையை உருவாக்கியது; 2010இல் பதினெட்டாவது அதை அகற்றியது; 2015இல் பத்தொன்பதாவது திருப்பிக் கொண்டுவந்தது; 2020இல் இருபதாவது மீண்டும் எடுத்தது; 2022இல் இருபத்தோராவது மீண்டும் கொடுத்தது. வழக்குத் தொடுப்பதைத் தனியாகப் பிரிப்பதும் இந்நாட்டுக்குப் புதிதல்ல. 1973ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டத்தின் கீழ் அதற்கென ஒரு பணிப்பாளர் பதவி இருந்தது; அந்தத் தசாப்தம் முடிவதற்குள் அதுவும் இல்லாமற்போனது. சட்டத்தால் மட்டும் அமைத்த வேலியை அடுத்த சட்டம் பிடுங்கிப் போடும் என்பதை இந்தப் புதிய முயற்சியில் ஈடுபட்டிருப்போர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அரசியலமைப்பிலேயே அதற்கு இடம் வேண்டும்.

இந்த இடத்தில் நம்மவர்களிடமும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். அரசாங்கத்துக்கு எதிராக எழுந்த அறகளைய என்ற மக்கள் போராட்டத்தில் நின்ற மாணவர் தலைவர் வசந்த முதலிகேயை 2022இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கும் கட்டளையில் கையெழுத்திட்டவர் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க. சில மாதங்கள் கழித்து, அந்தச் சட்டம் அங்கே பொருந்தாது என்று நீதவான் மாணவரை அக்குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தார். 2025 ஆகஸ்டில் அதே முன்னாள் ஜனாதிபதி அரச பணத்தைத் தவறாகப் பயன்படுத்திய குற்றச்சாட்டில் விளக்கமறியலில் வைக்கப்பட்டு, சில நாட்களில் பிணையில் வந்தார். அன்று நம்மூர்த் தேநீர்க் கடைகளிலும் முகநூலிலும் கைதட்டியவர்களைக் கண்டேன். குற்றம் செய்தவர் எவராயினும் விசாரிக்கப்படட்டும்; அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நமக்குப் பிடிக்காதவர் மறியலுக்குப் போகிறார் என்பதற்காகக் கைதட்டினால், நமது பிள்ளை போனபோது தெற்கில் கைதட்டியவர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? ஆயுதமேந்திய இயக்கங்களில் குற்றஞ்சாட்டியவரே நீதிபதியாகவும் இருந்து, மின்கம்பத்தில் கட்டித் தண்டனை நிறைவேற்றி, கழுத்தில் ஒரு மட்டையைக் கட்டிவிட்டுப் போன காலத்தையும் இந்த யாழ்ப்பாணம் கண்டிருக்கிறது. அந்த மட்டையில் எழுதியிருந்த குற்றம் உண்மையா என்று கேட்கப் பயந்து, பார்க்காத மாதிரிச் சைக்கிளை உழக்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். ஆதலால் கேள்வி கேட்கப்படாத குற்றச்சாட்டு எவருடைய கையில் இருந்தாலும் அது என்ன செய்யும் என்பதைச் சொல்ல எங்கள் தலைமுறைக்குத் தகுதி உண்டு.

நமது பாராளுமன்ற உறுப்பினர்களும் இதில் முழுக் கவனம் காட்டவில்லை என்பதே என் எண்ணம். 2017 அக்டோபரில் வவுனியாவிலிருந்து அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்ட வழக்கைத் திருப்பித் தரக் கோரிக் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தபோது வடக்கு முழுவதும் கடையடைத்தோம். அடுத்த ஆண்டு பல்கலைக்கழக மாணவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து அநுராதபுரம்வரை நடந்தே போனார்கள். அந்தப் பிள்ளைகளின் கொப்புளம் போட்ட பாதங்கள் ஆறும் முன்னரே அரசியல்வாதிகளின் பேச்சு வேறு திசைக்குப் போய்விட்டது. வழக்கை எந்த ஊரில் நடத்துவது என்பதை வழக்கின் ஒரு தரப்பே தீர்மானிக்கலாமா என்ற அடிப்படைக் கேள்வி அப்படியே கிடக்கிறது.

புதிய அலுவலகம் அமைவதாயின், குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய ஒரு கால எல்லை வேண்டும். அது கடந்தால் மறியலில் இருப்பவருக்குப் பிணை தானாகவே கிடைக்க வேண்டும். வழக்கைத் தொடராமல் விடுவதற்கும் விலக்குவதற்கும் குற்றச்சாட்டைக் குறைப்பதற்கும் காரணத்தை எழுத்தில், பாதிக்கப்பட்டவரின் மொழியில், கொடுக்க வேண்டும். அதை நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்தும் உரிமையும் வேண்டும். 2025 ஜனவரியில் பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொலை வழக்கோடு தொடர்புடைய மூன்று சந்தேகநபர்களை விடுவிக்கலாம் என்று சட்டமா அதிபர் ஆலோசனை கொடுத்ததும், நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்ததும், அடுத்த மாதமே அந்த ஆலோசனை நிறுத்தி வைக்கப்பட்டது. லசந்தவின் பிள்ளைக்கு உலகறியக் குரல் கொடுக்க முடிந்தது. வலிகாமத்துத் தாயிடம் இருந்தது ஒரு கொப்பி மட்டுமே. சத்தம் போட முடிந்தவருக்கு மட்டும் மறுபரிசீலனை கிடைக்கும் முறையை இனியும் வைத்திருக்கக் கூடாது. பொலிஸாரிடம் கொடுக்கும் ஒப்புதல் எந்தச் சட்டத்தின் கீழும் சான்றாகக் கூடாது. தமிழில் உள்ள ஆவணத்தைத் தமிழிலேயே வாசித்து முடிவெடுக்கக்கூடிய வழக்குத் தொடுநர்கள் வடக்கிலும் கிழக்கிலும் நிரந்தரமாக இருக்க வேண்டும். அந்த அலுவலகத்தின் தலைவர் ஓய்வுபெற்ற பின் அரசாங்கத்தின் எந்தப் பதவியையும் ஏற்கலாகாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று 2015இலும் சொன்னார்கள், இன்றைய ஆளும் கட்சியும் 2024 தேர்தலில் சொன்னது. அந்தச் சட்டம் வேறு பெயரில் திரும்பி வருமாயின் புதிய அலுவலகத்தின் கையிலும் அதே திறப்பும் அதே மணிக்கூடுமே இருக்கும்.

தங்கள் பத்திரிகை வாயிலாக எமது மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். அடுத்த அமர்வில் நீதி அமைச்சரிடம் வாய்மூல வினாவாக இதைக் கேளுங்கள்: வடக்கு, கிழக்கு நீதிமன்றங்களிலிருந்து அனுப்பப்பட்டுச் சட்டமா அதிபரின் ஆலோசனைக்காகக் காத்திருக்கும் கோப்புகள் எத்தனை, அவற்றில் மிகப் பழையது எந்தத் திகதிக்குரியது, அந்தக் கோப்புக்குரியவர் இப்போது எங்கே இருக்கிறார்? பதிலைத் தாங்கள் முன்பக்கத்தில் வெளியிட்டால், அந்தத் தாயிடம் ஒரு பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். கொப்பியின் கடைசி நான்கு பக்கங்கள் இன்னும் எழுதப்படாமல் இருக்கின்றன.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
வண்ணார்பண்ணை,
யாழ்ப்பாணம்.